வெளியே என்றொரு சொல்

"சேர்த்துட்டனுங்க்கா" என்று சிபி காலையில் அனுப்பிய ஒற்றை வரி தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி, விழுங்கவும் விடாமல் துப்பவும் விடாமல் தெய்வானையைப் படுத்திக்கொண்டிருந்தது. சனிக்கிழமைச் சமையலுக்கு முருங்கைக்கீரை ஆய்வதாகத்தான் பேர். அம்பத்தூர் வீட்டின் சமையலறைத் தரையில் காலை நீட்டி, மடியில் முறம், முறத்துக்கு அந்தப் பக்கம் மடிக்கணினி, காம்பை ஒரு கையால் பிடித்து இன்னொரு கையால் சர்ரென்று உருவினால் இலை மொத்தமும் வந்துவிடும், வந்துவிடுகிறது, கூடவே பொடிக்காம்பும் வருகிறது, பழுத்த இலை வருகிறது, எங்கிருந்தோ ஓர் எறும்பும் வருகிறது, கேட்டது இலையை மட்டும்தானே, இதையெல்லாம் யார் கேட்டார்கள். சேர்த்துட்டானாம். யாரைக் கேட்டுச் சேர்த்தான்? என்னைக் கேட்டானா? கேட்டான், கேட்டான், மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று இழுத்தடித்தது இவள்தான். சேர்க்கிற உரிமையைத் தூக்கிக் கொடுத்ததும் இவள்தான், நீயே பார்த்துச் செய்டா கண்ணு, எல்லாத்துக்கும் என்னைக் கேட்டுட்டு நிக்காதே என்று பெருந்தன்மையாக வேறு சொல்லி வைத்தாள், பட்டுக்கோ. தொடுபுள்ளி என்று இவள் பேர் வைத்த அந்தக் கணினி நிரல் தமிழில் தட்டியதைப் பிரெய்லாக மாற்றிக் கொடுக்கும், பார்வை இல்லாதவர்கள் விரலால் படிக்கிற புள்ளி எழுத்தாக. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், காசு பணம் கிடையாது. பதினாலு வருடமாக ஒண்டிக்கட்டையாக இழுத்துக்கொண்டு வந்தவளுக்கு, வந்தவர்களெல்லாம் ஒரு வாழ்த்தோடு ஓடிப்போன இடத்தில், கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒரே ஆள் சிபி. அவன் சேர்த்ததைத்தான் இன்றைக்கு எடுக்க வேண்டும். எடுத்தால் அவன் இருப்பானா?

எடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் மாற்றுப் பேச்சே இல்லை, என்று அடுத்த கொத்தை உருவினாள். நேற்று சாயங்காலம் சவரிமுத்து திருச்சியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. சவரிமுத்து தொடுபுள்ளியைப் பொதியாகக் கட்டி, உலகமெல்லாம் கணினியை ஓட்டப் பயன்படுத்துகிற அந்தக் கட்டற்ற இயங்குதளத்தின் களஞ்சியத்தில் ஏற்றிவிடுகிறவர், சம்பளம் இல்லாத வேலை, ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே செய்கிறார். "மேடம், நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க. பழைய பதிப்பு இனிமே ஓடாது, புதுசு உள்ள வந்தாகணும். இப்ப விட்டா அடுத்த கதவு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்." தெரியும் சார், என்றாள். "உங்க நிரலுக்கு என்னென்ன வேணுமோ அதெல்லாமும் களஞ்சியத்துக்குள்ளயே இருக்கணும். ஓடும்போது இன்டர்நெட்டுக்குப் போய் எடுத்துக்கறேன்னு சொல்லக் கூடாது. இது ஒரு நாளும் மாறாத சட்டம், எங்கிட்ட கெஞ்சாதீங்க." நான் எங்கே சார் கெஞ்சினேன், என்று அவள் கேட்கும்போது சிரித்துவிட்டார். அந்த மனுஷன் சொல்வது நியாயம்தான். உள்ளே வருகிற ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் திறந்து பார்த்திருக்க வேண்டும், உரிமம் சரியா என்று பார்த்திருக்க வேண்டும், நாளைக்குக் கெட்டுப்போனால் கேட்க ஓர் ஆள் பேர் இருக்க வேண்டும். சிபி வெளியிலிருந்து கூட்டி வந்த அந்த எழுத்துப் பிரிக்கும் நூலகம், யாரோ எழுதி வைத்த தயார் நிரல்கட்டு, களஞ்சியத்தில் கிடையாது. அதுகூடப் பரவாயில்லை, அதற்கு இன்னொன்று வேண்டுமாம், அந்த இன்னொன்றுக்கு நாலு வேண்டுமாம், கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால் அவர் ஒரு வேன் நிறைய ஆளோடு வந்து இறங்குவாரே அந்தக் கதையாக நாற்பது சொச்சம் இறங்கியிருக்கிறது, ஒன்றும் களஞ்சியத்தில் இல்லை, ஒன்றையும் யாரும் பார்த்ததில்லை. அவர்கள் யார், எந்த ஊர், ராத்திரி தூங்குவார்களா, கோபம் வந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகிறவர்களா, யாருக்குத் தெரியும். சேலத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக் கணினிகளில் இன்டர்நெட்டே இல்லை. அங்கேயும் அதே இயங்குதளம்தான், ஒரு தடவை குறுந்தட்டில் வந்து ஏறுகிறதுதான், அடுத்த தட்டு வரும்வரைக்கும் அதுதான் உலகம். தட்டில் தொடுபுள்ளி இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு ரெண்டு வருடம் பாடமும் இல்லை கேள்வித்தாளும் இல்லை, யாராவது வாசித்துக் காட்டினால் காதால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். 

சார்பு. ஒரு நிரல் ஓட இன்னொன்று வேண்டுமென்றால் அந்த இன்னொன்றைத்தான் சவரிமுத்து தமிழில் எழுதும்போது சார்பு என்று எழுதுவார், சிபி டிபெண்டன்சி என்பான். எட்டாம் வகுப்பில் எழுத்து இரண்டு வகைப்படும் என்று கத்திக் கத்தி ஒப்பித்தது, முதலெழுத்து, சார்பெழுத்து, தனியே நிற்பது, இன்னொன்றை ஒட்டி நிற்பது. அப்போது இவளுக்குச் சார்பெழுத்தின்மேல் ஒரு இளக்காரம் உண்டு, சுயமாக நிற்கத் தெரியாததெல்லாம் ஓர் எழுத்தா என்று, என்ன திமிர் பாருங்கள் அந்த வயசுக்கு. அந்தத் திமிரை இறக்கி வைத்தது ஔகாரம். கௌரி என்று எழுத வேண்டியதைப் பாதிப்பேர் கெளரி என்றுதான் தட்டுகிறார்கள், கெ போட்டு, பக்கத்தில் ள போட்டு. கண்ணுக்கு ரெண்டும் ஒன்றேதான், எந்தக் கொம்பனாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. விரலுக்கு அப்படி இல்லை. கெளரியைத் தொட்டால் கெ, ள, ரி என்று மூன்றாகத் தட்டும், கெ-ள-ரி, யாரடி அவள் என்று கேட்கும் விரல். தொடுபுள்ளி வெளிவந்த புதிதில் அந்த மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு குரல், வணக்கம்கூடச் சொல்லாமல், "ஏம்மா, என் பேர் சௌடேஸ்வரி. உன் மிஷின் என்னைச் செ-ள-டேஸ்வரிங்குது. எங்க குலதெய்வம் பேரும்மா அது, அவ கோவிச்சுக்குவா." அப்படித்தான் சௌடேஸ்வரி டீச்சர் இவள் வாழ்க்கைக்குள் வந்தாள், பிறவியிலேயே பார்வை இல்லை, தமிழாசிரியை, வாய் மட்டும் சவுக்கு. இவளும் வீறாப்பாக, ெள வருகிற இடத்திலெல்லாம் ஔகாரமாக மாற்று என்று ஒரே வரியில் எழுதிப் போட்டாள். மறுநாளே போன். வெளி போச்சு, வெள்ளம் போச்சு, தெளிவு போச்சு. அதில் எல்லாம் ள நிஜமான ள ஆயிற்றே! பிறகுதான் உட்கார்ந்து யோசித்து, ளவுக்கு மேலே புள்ளியோ கொக்கியோ பின்னால் காலோ இருந்தால் அது நிஜமானது, தொடாதே, மொட்டையாக நின்றால் மட்டும் சந்தேகப்படு, அதிலும் வெளக்கமாறு என்று யாராவது பேச்சுவழக்கில் எழுதினால் விட்டுவிடு, இப்படியே ஒவ்வொரு போனுக்கும் ஒரு விதி, விதிக்கு ஒரு விலக்கு, விலக்குக்கு ஒரு ஒட்டு. அந்த ஒட்டுப்போட்ட துணியைத்தான் சிபி தூக்கிக் கடாசிவிட்டு வெளியிலிருந்து பளபளவென்று ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறான். ஓடுகிறது, அதையும் சொல்ல வேண்டும். சேர்ப்பதற்கு முன்னால் பார்க்கச் சொல்லி அவன் அனுப்பியதை நேற்று ராத்திரி சோதித்தபோது அத்தனையும் சுத்தமாக வந்தது, இவளுடையதைவிட வேகமாக. அதுதான் வயிற்றெரிச்சலே. நன்றாக ஓடுகிறதை எப்படி வேண்டாம் என்பது? ஒருவேளை எனக்குப் பொறாமையோ? என் பிள்ளையை இன்னொருத்தி நன்றாக வளர்த்துவிட்டாள் என்கிற மாதிரி? சீச்சீ, அதெல்லாம் இல்லை. கொஞ்சம் இருக்கும்.

கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். எடுக்கப் போகிறதுதான் எடுக்கப் போகிறோம், படிக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்போம் என்று தோன்றியது. சிபியின் பதிப்பைப் புதிதாக இறக்கி, அது தன் நாற்பது சொச்சத்தையும் இன்டர்நெட்டிலிருந்து இழுத்துக்கொண்டு முடிக்கிற வரைக்கும் ரெண்டு கொத்துக் கீரை ஆய்ந்து, ஒரு பழைய கேள்வித்தாளை மாற்றி டீச்சருக்கு அனுப்பினாள். டீச்சர் வீட்டில் புள்ளிகள் தானாக எழும்பி இறங்குகிற சின்னக் கருவி ஒன்று உண்டு, கம்ப்யூட்டரில் வருவதை அதில் விரல் வைத்துப் படித்துவிடுவாள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். அந்தப் பக்கம் விரல் ஓடும் சத்தம்கூடக் கேட்கவில்லை, ஒரு மிக்சி மட்டும் எங்கோ ஓடியது. "ம். ம். நல்லாத்தான் இருக்கு. வேகமா வேற வருது." சரி, தீர்ந்தது, இனி என்ன சொல்லி எடுப்பேன், என்று தெய்வானை கண்ணை மூடிக்கொண்ட அந்தச் சமயத்தில், "இரு. இதென்ன கண்றாவி? வௌ-இ-யே. வௌஇயேன்னா என்ன தெய்வானை? ஓ, வெளியேயா?" என்றாள் டீச்சர். "அடுத்த வரி கேளு. தௌ-இ-வாக எழுதுக. நல்லாத் தௌஇவா எழுதிடுவாங்க எம் பிள்ளைங்க." டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். தெய்வானைக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று ராத்திரி இதே தாள், இதே வரி, சரியாக வந்ததே! சிபி நேற்றைக்கப்புறம் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை, இவளும் மாற்றவில்லை. மடிக்கணினியை இழுத்து அந்த நூலகத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தால், அதன் சொந்தக்காரர், எந்த நாட்டுக்காரரோ, தமிழ் தெரியாத நல்ல மனுஷன், விடிகாலையில் ஒரு திருத்தம் போட்டிருக்கிறார். யாரோ கௌரி தப்பாக வருகிறாள் என்று புகார் சொல்லியிருக்கிறார்கள். அவரும் ெள வருகிற இடத்திலெல்லாம் ஔகாரமாக மாற்று என்று ஒரே வரியில் எழுதிப் போட்டுவிட்டார். ஐயோ மகராசா, பதினாலு வருடத்துக்கு முந்தி நான் போட்ட அதே வரி! அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அவர் தூங்கி எழுந்து நல்லது செய்தார், இங்கே சேலத்தில் வெளி உடைந்துவிட்டது, நடுவில் ஒருத்தரும் இல்லை பார்க்க.

சிபி முதல் மணியிலேயே எடுத்தான். "சொல்லுங்க்கா, பாத்தீங்களா? எப்படிங்க்கா இருக்குது?" அந்தக் குரலில் இருந்த ஆசை இவளை ஒரு நொடி தடுமாற வைத்தது, சுற்றி வளைக்கலாமா என்று பார்த்தாள், வேண்டாம். "சிபி, நீ சேர்த்ததை நான் எடுக்கப் போறேன்." "ஏனுங்க்கா?" வெளியே என்ற சொல் வௌஇயே ஆன கதையைச் சொன்னாள். "அது ஒரு சின்னப் பிழைங்க்கா. அவர்கிட்டச் சொன்னா இன்னைக்கே சரி பண்ணிடுவாரு." "இன்னைக்குப் பண்ணுவாரு. நாளைக்கு இன்னொண்ணு மாத்துவாரு. அவருக்கு அடியில நாப்பது பேர் இருக்காங்க, அதுல யாரு எப்ப என்ன மாத்துவாங்கன்னு நீ காவல் இருப்பியா? பள்ளிக்கூடத்துல நெட் இல்லை சிபி, ஒரு தடவை தப்பா ஏறினா ரெண்டு வருஷம் தப்புதான். முதல்ல களஞ்சியத்துக்குள்ளயே விட மாட்டாங்க." "அப்ப அந்த நாப்பதையும் நம்ம நிரலுக்குள்ளயே காப்பி பண்ணி வெச்சுக்கலாமுங்க்கா. பலபேர் அப்படித்தானே பண்றாங்க." "காப்பி பண்ணிட்டா அது நம்ம குழந்தை. அதுல ஓட்டை விழுந்தா நாமதான் அடைக்கணும். என்னால ஒண்ணையே அடைக்க முடியலை."  அதற்கு அவன் பேசினான், மரியாதை குறையாமல், குரல் மட்டும் கரகரத்து. "நான் எதுக்குங்க்கா வெளியில போனேன்? உங்க ஃபைலைத் திறந்து எத்தனை நாள் உக்காந்திருப்பேன் தெரியுங்களா? ரெண்டாயிரம் வரி. எது எதுக்குன்னு ஒரு வார்த்தை எழுதி வெக்கல. கேட்டா, அது டீச்சர் ஒரு தடவை போன் பண்ணினாங்கடான்னு சொல்றீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதை யாரு பாப்பாங்க? வெளியாளை நம்பக் கூடாது, சரி. உங்களை மட்டும் எத்தனை பேரு பாத்துச் சரின்னு சொன்னாங்க? நீங்களும் ஒரு டிபெண்டன்சிதானுங்க்கா." வைத்துவிட்டான். இவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

என்ன திமிர், என்றுதான் முதலில் வந்தது. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னாவாமே, என்ன ஆகும் எனக்கு, கல்லு மாதிரி இருக்கேன். கல்லு மாதிரியா? போன மாதம் படிக்கட்டில் தலை சுற்றி உட்கார்ந்தது யாருக்கும் தெரியாது, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை, வெயில்தான் என்று மோர் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கு அப்படியே சாய்ந்திருந்தால்? சவரிமுத்து சார் யாரைக் கூப்பிடுவார்? டீச்சர் யாருக்குப் போன் போடுவாள், மணி அடித்து அடித்து நின்றுபோகும். நாற்பது பேரைத் தெரியாதவர்கள் என்று பயந்தாளே, அந்த நாற்பது பேருக்காவது எழுதி வைக்கிற பழக்கம் இருக்கிறது, விடிகாலைத் திருத்தத்துக்குக்கூடக் காரணம் எழுதியிருந்தார் அந்த மனுஷன், இவள் தலைக்குள் இருப்பதை யார் இறக்கி எடுப்பது. யாரும் திறந்து பார்க்காத, எந்தக் களஞ்சியத்திலும் இல்லாத, கெட்டுப்போனால் மாற்று கிடையாத சாமான் நான்தான். இது உறைத்தபோது உண்மையிலேயே வலித்தது. அவன் சொன்னது சரி. அவன் செய்தது தப்பு. ரெண்டும் ஒரே சமயத்தில் இருக்க முடியுமா? இருக்கிறதே, என்ன செய்வது. அவன் சொன்னது சரி என்பதற்காக அவன் செய்ததை விட்டுவிட முடியாது, விட்டால் நல்லவள் ஆகலாம், ஆள் நிற்பான், ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அக்கா என்று பேச ஒரு குரல் இருக்கும், பள்ளிக்கூடத்துக் கணினியில் ஒன்றும் இருக்காது. வேண்டாம். முறத்தைத் தள்ளி வைத்தாள். சிபி சேர்த்ததை வரி வரியாகப் பார்த்து எடுத்தாள், அவன் போட்டதில் வெளியார் துணை இல்லாமல் நிற்கிற திருத்தங்கள் நாலைந்து இருந்தன, நல்ல திருத்தங்கள், அவற்றை அவன் பேரோடேயே விட்டு வைத்தாள். அதே கேள்வித்தாளை மறுபடி மாற்றி டீச்சருக்கு அனுப்பி, வெளியே வெளியேதான் என்று அவள் வாயால் கேட்டுக்கொண்டு, கதவு சாத்த நிறைய நேரம் இருக்கும்போதே சவரிமுத்துவுக்கு அனுப்பிவிட்டாள். "வந்துச்சு மேடம், கட்டி ஏத்திடறேன்" என்றார் அவர். தொடுபுள்ளிக்கென்று இருந்த வாட்ஸப் குழுவில் சிபி வெளியேறினார் என்று ஒரு சாம்பல் வரி. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடனே, யோசித்தால் மனசு மாறிவிடும் என்று பயந்து உடனே, சவரிமுத்துவை மறுபடி கூப்பிட்டாள். "சார், களஞ்சியத்துல ஒரு பொதிக்கு ஆள் பத்தலைன்னா உதவி தேவைன்னு ஓர் அறிவிப்புப் போடுவீங்களே, அதைத் தொடுபுள்ளிக்குப் போடுங்க." "மேடம், அதைப் போட்டா ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியுமே, இது ஒத்தை ஆள் வண்டின்னு." "தெரியட்டும் சார், உண்மைதானே." பதினாலு வருடமாகத் தொடுபுள்ளி குழு என்றே எழுதி வந்தவள், குழுவில் இருந்தது அவள் மட்டும். அறிவிப்பைத் தமிழில் தானே எழுதினாள், இந்த நிரலை ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறாள், அவள் எழுதியது மற்றவர்களுக்குப் புரிவதில்லை, புரிய வைக்க ஆள் வேண்டும் என்று. எழுதும்போது கூச்சமாக இருந்தது, தெருவில் நின்று தன் குறையைத் தானே கூவுகிற கூச்சம், கூவினாள். அடுப்பைப் பற்றவைத்து, கடுகு வெடிக்கிற சத்தத்தில் போன் அடிப்பது முதலில் கேட்கவில்லை. டீச்சர்தான். மறுபடியும் என்ன உடைந்தது என்று பதறிப்போய் அடுப்பை அணைத்தாள். "ஒண்ணும் உடையலை, பதறாதே. சவரிமுத்து சார் அந்த அறிவிப்பை எனக்கும் அனுப்பியிருந்தாரு. படிச்சேன்." "சரி டீச்சர்." "அதுல ஒண்ணு எழுதலையே நீ. கண்ணு தெரிஞ்சவங்க மட்டும்தான் வரணுமா?"

 பதினாலு வருடம். ஒவ்வொரு தப்பையும் கண்டுபிடித்தது டீச்சரின் விரல், ஒவ்வொரு விதியும் அவள் திட்டின திட்டில் பிறந்தது, உள்ளே வந்து பாருங்கள் டீச்சர் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாயில் வந்ததா? தோன்றவே இல்லையே, அடிப்பாவி, தோன்றவே இல்லையே. "இல்லை டீச்சர்" என்றாள், குரல் உடைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. "யார் வேணா வரலாம்." "அழாதே, காது வலிக்குது. அப்ப அந்த ரெண்டாயிரம் வரியை அனுப்பு. எனக்கு நிரல் எழுதத் தெரியாது, கத்துக்க முடியுமான்னும் தெரியாது. ஆனா தமிழ்ல எழுதினது புரியுதா இல்லையான்னு சொல்லத் தெரியும், அதுதான் என் பொழப்பு. நீ ஒவ்வொரு வரிக்கும் மேல எதுக்குன்னு எழுது. நான் விரல் வெச்சுப் படிக்கிறேன். எனக்குப் புரியலைன்னா நீ திரும்ப எழுதணும். எத்தனை தடவைன்னாலும் எழுதணும், சலிச்சுக்கக் கூடாது." "சலிச்சுக்க மாட்டேன்." "மாட்டியா, பாக்கத்தானே போறேன். இன்னிக்கே முதல் நூறு வரி வரணும்." சரி டீச்சர், என்று தெய்வானை மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரிக்கு மேலே என்ன எழுதுவது என்று யோசித்து, அது தனக்கே சட்டென்று நினைவு வராமல், நினைவு வருகிறவரைக்கும் விடாமல் உட்கார்ந்திருந்தாள்.